பொறுப்பு: சு.

சுலோச்சனாவுக்கு எட்டு நாள் லீவு சாங்ஷன் ஆன சேதி, அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பொதுச் சொத்தாகிவிட்டது.

நாலு வருஷத்துக்குப் பிறகு கிடைத்த லீவு. அதற்கு முன்னால் அவள் லீவே எடுக்கவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூத்தவள் லீலாவுக்கு அம்மை போட்டபோது பன்னிரண்டு நாள். நடுவிலவன் சேகர் மதில் மேலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டபோது ஒன்பது நாள். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது பதினைந்து நாள். கடைசிப் பிரசவத்திலும் ஆஸ்பத்திரி பெஞ்சிலுமாகவே கழிந்த அந்த நாட்களுக்கும் தபாலாபீஸ் ரிஜிஸ்தரில் ‘விடுப்பு’ என்றுதான் பெயர். இந்த எட்டு நாள் அப்படியல்ல. குடும்பத்தில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாத எட்டு நாள். போஸ்ட்மாஸ்டர் தேவநேசன் மூன்று தடவை திருப்பி அனுப்பி, நாலாவது தடவை கையெழுத்துப் போட்ட எட்டு நாள்.

அவளுடைய திட்டம் ரொம்பச் சின்னது. பெரிய பிள்ளைகள் இரண்டையும் அன்னூரில் தன் அப்பா வீட்டுக்கு, பிள்ளைகள் வாயில் அப்பிச்சி ஊட்டுக்கு, அனுப்பிவிடுவது. ஒன்றரை வயதுச் சின்னவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கம்பளிக்குள் காலை ஏழு மணி வரைக்கும் தூங்குவது. எழுந்ததும் பசித்தால் எதையாவது சாப்பிடுவது. பசிக்காவிட்டால் திரும்பவும் தூங்குவது.

அவள் புருஷன் ஏகநாதனிடம் இதைவிடப் பெரிய திட்டம் இருந்தது. அவரிடம் எப்போதுமே இருக்கும்.

ஏகநாதன் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்தின் செயலாளர். பாதுகாப்பு வார விழாவில் மூன்று வருஷம் தொடர்ந்து பரிசு வாங்கியவர். மூன்றும் எவர்சில்வர் டம்ளர்கள். ஷோகேஸில் ஏறு வரிசையில் நிற்கும், அவற்றில் தண்ணீர் குடித்தால் கோபித்துக்கொள்வார். எந்தக் காரியத்தையும் அவர் வெறுமனே செய்யமாட்டார். முதலில் அதற்கு ஒரு ஃபைல் திறப்பார்.

போன மாதம் மன்றத்தில் பூனாவிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெரிய அதிகாரி ஸ்லைடு படம் காட்டினார். இமயமலைப் பக்கம் எங்கோ குடும்பத்தோடு முகாம் போட்ட படங்கள். கூடாரம், மடக்கு நாற்காலி, தொப்பி போட்ட மனைவி, கன்னம் சிவந்த இரண்டு குழந்தைகள். ‘இளம் குழந்தைகளோடும் சௌகரியமாக முகாம் போடலாம், எல்லாம் பிளானிங்கில் இருக்கிறது’ என்றார் அதிகாரி. ஏகநாதன் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார். பின்வரிசையில் சின்னவனைத் தட்டிக்கொண்டிருந்த சுலோச்சனா வேறு ஒன்றைப் பார்த்தாள். அத்தனை படங்களிலும் அந்த அம்மாள் ஒரு பாத்திரம் தேய்க்கவில்லை. ஒரு படத்தின் ஓரத்தில் மட்டும் பணிவிடைக்கு வந்த ஓர் ஆர்டர்லியின் முழங்கை தெரிந்தது.

ஏகநாதன் முழங்கையைப் பார்க்கவில்லை.

“சுலோச்சனா, உன் லீவும் என் லீவும் ஒண்ணாச் சேருது பாரு. இதைத்தான் நான் எதிர்பார்த்திட்டிருந்தேன்” என்றார் அன்று சாயங்காலம். “நாம முகாம் போடறோம். நம்ம குவார்ட்டர்ஸ்லயே முதல் குடும்ப முகாம். வருஷாந்தரக் கூட்டத்துல நான் ரிப்போர்ட் வாசிக்கப் போறேன்.”

“ஏனுங்க, நான் கொஞ்சம் தூங்கலாம்னு இருந்தேனுங்க.”

“தூங்கு! யாரு வேண்டாங்கறாங்க? நல்ல காத்து, நல்ல ஓய்வு. முகாமோட நோக்கமே உனக்கு ஓய்வு குடுக்கறதுதான். நோக்கம்னு எழுதறபோது முதல் வரியே அதுதான்.”

எழுதியும் காட்டினார். முதல் வரி அதுதான்.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளும் வீட்டு முன்னறையில் திட்டக்குழு கூடியது. குழு என்றால் ஏகநாதன், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் வேன் டிரைவர் நெல்சன், பிறகு கோரம் சேரவில்லை என்பதற்காகச் சமையலறையிலிருந்து கூப்பிடப்பட்ட சுலோச்சனா. போன கூட்டத்தின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டன. டீ வழங்கப்பட்டது. டீ வழங்கியது யார் என்று நடவடிக்கைக் குறிப்பில் இல்லை.

இடம் நடுவட்டம் என்று முடிவாயிற்று. அங்கே ஓர் எஸ்டேட்டில் ஃபீல்டு ஆபீசராக இருக்கும் அம்புரோஸ், ஓடைக்கு மேலே ஒரு புல்வெளியில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார். “எழுத்துமூலமா வாங்கிடணும்” என்றார் ஏகநாதன். அம்புரோஸ் ஒரு சிகரெட் அட்டையின் பின்பக்கம் ‘சரி’ என்று எழுதி அனுப்பினார். அது ஃபைலில் இணைப்பு ஒன்று ஆயிற்று.

அப்புறம் சாமான் பட்டியல். தொண்ணூற்றேழு அயிட்டம். மூன்று பிரதி, கார்பன் வைத்து. கூடாரம் ஒன்று, பழைய மிலிட்டரி சாமான் விற்கிற கடையில் எடுத்தது. மடக்குக் கட்டில் இரண்டு. குழந்தைகளுக்கு ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று, கீழே வைக்கப் பேசின் ஒன்று. இட்லிப் பானை. மண்ணெண்ணெய் ஸ்டவ். டிரான்சிஸ்டர். நடுவட்டத்துக் குளிருக்குக் கொசு வழி தவறி வந்தால்கூட விறைத்துச் செத்துப்போகும். அங்கே கொசுவலை மூன்று. கூடாரத்து வாசலில் போட ஒரு கால்மிதி.

“கால்மிதி எதுக்குங்க?” என்று நெல்சனே கேட்டுவிட்டான்.

“சேறு உள்ளே வந்தா அது முகாம் இல்லைய்யா. அகதி வாசம்” என்றார் ஏகநாதன்.

பட்டியலில் கடைசிப் பத்திக்குத் தலைப்பு ‘பொறுப்பு’. அதில் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எதிரே ஓர் எழுத்து. சுலோச்சனா விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தாள். சு. சு. சு. சு. இட்லி மாவு சு. சின்னவன் துணி சு. கம்பளி உலர்த்தல் சு. முறுக்கு, தட்டை, இரண்டு டின், சு. எண்பத்தோரு இடத்தில் சு. பன்னிரண்டு இடத்தில் நெ. கடைசி நாலு வரியில் மட்டும் ஏ. அந்த நாலு: வரைபடம், தொப்பி, டிரான்சிஸ்டர், பொது மேற்பார்வை.

“ஏனுங்க, இது என்னங்க?”

“பொறுப்புப் பகிர்வு. யாருக்கு என்னன்னு கறாரா இருந்தாத்தான் பின்னாடி தகராறு வராது.”

“தகராறு இப்பவே வந்திருச்சுங்க.”

அவர் சிரித்தார். அவள் சொன்னதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டார். மேல் அதிகாரிகள் பேசும்போது சிரித்துச் சிரித்து, எது நகைச்சுவை எது இல்லை என்று பிரிக்கும் சக்தி அவருக்கு எப்போதோ போய்விட்டிருந்தது.

நாலாவது ஞாயிறு நிகழ்ச்சி நிரல் வந்தது. காலை ஆறு மணி, எழுதல். ஆறேகால், தேநீர். ஏழரை, சிற்றுண்டி, இட்லி, சட்னி இரண்டு வகை. பத்து மணி, இயற்கையைக் கவனித்தல். ஒரு மணி, மதிய உணவு. இப்படியே போய், மாலை நாலு முதல் ஐந்து வரை: ‘குடும்பத் தலைவிக்கு முழு ஓய்வு. பஜ்ஜி தயாரிப்பு நீங்கலாக.’

சுலோச்சனா அதை இரண்டு தடவை படித்தாள். கூட்டத்தில் நெல்சன் இருந்தான். வெளி மனுஷன் முன்னால் எப்படிப் பேசுவது. அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய், அவற்றைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவினாள். முன்னறையில் ஏகநாதன் குரலை உயர்த்தி, “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லீவு செவ்வாய்க்கிழமை தொடங்கியது. செவ்வாய் முழுக்க முறுக்குப் பிழிந்தாள். புதன் முழுக்க மூட்டை கட்டினாள். புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு, கட்டின மூட்டைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டில் இரண்டு போய்விட்டது. ஆபீசில் இருந்திருந்தால்கூட இடுப்பு இவ்வளவு வலித்திருக்காது. அங்கே உட்கார நாற்காலி இருக்கிறது. அவளுக்கு ஏகநாதன் மேல் இருந்த கோபத்தைவிட, வாயை மூடிக்கொண்டு இரண்டு நாள் முறுக்குப் பிழிந்த தன் மேல் கோபம் கூடுதலாக வந்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு நெல்சன் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். சாமான் ஏறுவதற்கு முன் ஏகநாதன் வாசற்படியில் நின்றுகொண்டார். தொப்பி போட்டிருந்தார். தொழிற்சாலை கேட்டில் காவலாளி எப்படி ஒவ்வொரு பையையும் திறந்து, கையை விட்டு, துழாவி, முதுகில் தட்டி அனுப்புவானோ, அதேபோல ஒவ்வொரு பையையும் திறந்து, கையை விட்டு, துழாவி, “பாஸ்” என்றார். லீலா தன் ஸ்கூல் பையையும் கொண்டுவந்து நீட்டினாள். அதையும் துழாவினார். சேகர் வாயைத் திறந்து காட்டினான். அதையும் பார்த்தார். குழந்தைகளுக்கு ஒரே குஷி. சுலோச்சனா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, எப்போது முடியும் என்று நின்றிருந்தாள்.

ஊட்டி தாண்டி, பைக்காரா தாண்டி, நடுவட்டம் போய்ச் சேரப் பத்தரை. வேன் எஸ்டேட் ரோட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது. ஐந்து நாள் கழித்துத்தான் வரும். புல்வெளி நன்றாகத்தான் இருந்தது. அதை மறுப்பதற்கில்லை. கீழே ஓடை, எதிரே தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே கூடலூர்ப் பக்கம் நீலமாக ஒரு பள்ளம். சுலோச்சனாவுக்குக்கூட ஒரு நிமிஷம் கோபம் தணிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் ஏகநாதன், “சரி, சிற்றுண்டி மூணு மணி நேரம் லேட்டு” என்றார்.

கூடாரம் நிற்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. நெல்சனுடைய பன்னிரண்டு பொறுப்புகளும் நெல்சனோடு வேனில் போய்விட்டதால், முளை அடித்தது சுலோச்சனா. ஏகநாதன் வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் வடகிழக்கா” என்றார். மத்தியானத்துக்கு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதம். பிளாஸ்க்கில் இருந்த காய்ச்சின பால் சின்னவனுக்கு அப்போதே தீர்ந்துவிட்டது; மிச்சம், ஒரு செம்பில் காய்ச்சாத பால்தான். கால்மிதி வாசலில் போடப்பட்டது. ஏகநாதன் அதை மிதித்து, பின்னால் தள்ளி நின்று, ரசித்தார்.

இரண்டரைக்கு மழை பிடித்தது. மே மாதத்து மழை. வரும்போது சொல்லிக்கொண்டு வருவதில்லை. பத்து நிமிஷத்தில் புல்வெளி சொதசொதவென்று ஆகி, கால்மிதி மெதுவாக மிதந்து கூடாரத்துக்குள் வந்தது. குளிர் எலும்பில் ஏறியது. சேகரின் கணுக்காலில் ஓர் அட்டை கடித்துத் தொங்க, அவன் ஊரைக் கூட்டினான். சின்னவன் பாலுக்கு அழ ஆரம்பித்தான்.

“ஒரு பதட்டமும் வேண்டாம்” என்றார் ஏகநாதன் கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு. “இதுக்குத்தான் ஸ்டவ்வு. பாலைக் காய்ச்சு. அப்படியே எனக்கும் ஒரு டீ.”

சுலோச்சனா ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றினாள். திரியை ஏற்றினாள். சமையல் பைக்குள் கையை விட்டாள். துவரம்பருப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவே இரண்டு தீப்பெட்டி வைத்திருந்தாள். இல்லை. பையைக் கட்டில் மேல் கவிழ்த்தாள். கரண்டி இருந்தது, ஜல்லடை இருந்தது, ஜாதிக்காய்கூட இருந்தது. தீப்பெட்டி இல்லை.

“உங்ககிட்ட இருக்குதுங்களா? நீங்க சிகரெட் பிடிப்பீங்களே.”

ஏகநாதன் சட்டைப்பையைத் தடவினார். சிகரெட் இருந்தது. தீப்பெட்டி இல்லை. அவர் முகம் மெல்ல மெல்ல அதிகாரியின் முகமாக மாறியது. ஃபைலை எடுத்தார். மழைத்தண்ணி படாமல் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்த ஒரே பொருள் அதுதான்.

“நாப்பத்து மூணு” என்று வாசித்தார். “தீப்பெட்டி. இரண்டு. பொறுப்பு, சு.”

“நான் வெச்சேனுங்க. என் கையால வெச்சேன்.”

“வெச்சிருந்தா இருக்கணுமே. நான் கோபப்படலை. சும்மா காரணத்தைக் கண்டுபிடிக்கறோம், அவ்வளவுதான். இந்த மாதிரி ஒரு சின்னக் கவனக்குறைவு எங்க பிளாண்டுல நடந்தா என்னாகும்னு தெரியுமா?”

“அப்பா” என்றாள் லீலா.

“பெரியவங்க பேசறப்போ குறுக்கே பேசக்கூடாது. தொண்ணூத்தேழு அயிட்டம் பிளான் பண்ணி, ஒரே ஒரு தீப்பெட்டில மொத்த முகாமும்...”

“அப்பா, நீங்கதானே எடுத்தீங்க? காலைல. அம்மா பையைச் செக் பண்ணீங்கல்ல, அப்போ எடுத்து, மீட்டர் பெட்டி மேல வெச்சீங்க. ரெண்டையும்.”

ஏகநாதன் ஃபைலை மூடினார்.

வெடிமருந்துத் தொழிற்சாலைக்குள் தீப்பெட்டியோடு போனால் வேலை போகும். இருபத்திரண்டு வருஷமாக ஏகநாதன் தினமும் வேலைக்குக் கிளம்பும்போது தன் தீப்பெட்டியை எடுத்து, வாசற்கதவுக்குப் பக்கத்தில் மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுத்தான் படி இறங்குவார். அது அவர் செய்கிற காரியம் இல்லை. அவர் கை செய்கிற காரியம். காலையில் பையைத் துழாவினபோதும் கை பாட்டுக்குத் தீப்பெட்டியைக் கண்டுபிடித்து, எடுத்து, மேலே வைத்திருந்தது. மூன்று எவர்சில்வர் டம்ளர்களும் அந்தக் கைக்குக் கிடைத்தவைதான்.

இந்த இடத்தில் ஏகநாதன் ‘அடடா’ என்று சொல்லியிருந்தால் போதும். வெறும் ‘அடடா’. சுலோச்சனா சிரித்திருப்பாள். அவளுக்குச் சிரிப்பு வரத்தான் வந்தது, உதட்டு ஓரம் வரைக்கும். ஆனால் ஒரு செயலாளரால் ‘அடடா’ என்று சொல்ல முடியாது.

“அது பாதுகாப்புப் பழக்கம்” என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. “அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா, செக்கிங் முடிஞ்சப்புறம் சாமானை மறுபடி சரிபார்த்துக்க வேண்டியது ஸ்டோர்ஸ் பொறுப்புதானே? அந்த வகைல பார்த்தா...”

உதட்டு ஓரம் வரைக்கும் வந்த சிரிப்பு அங்கேயே செத்தது.

“எந்த வகைல பார்த்தாங்க?” என்றாள் சுலோச்சனா. குரல் உயரவில்லை. “சொல்லுங்க. முறுக்குப் பிழிஞ்ச வகைலயா? முளை அடிச்ச வகைலயா? நாலு வருஷங்க. நாலு வருஷம் பொறுத்து வாங்கின லீவு. அதுல மூணு நாள் உங்க ஃபைலுக்குத் தின்னக் குடுத்துட்டேன். இப்ப குழந்தை பாலுக்கு அழுவுது, நீங்க எனக்கு மெமோ குடுக்கறீங்க.”

“குழந்தைங்க முன்னாடி இப்படிப் பேசறது...”

“குழந்தைதானுங்க உண்மையைச் சொல்லுச்சு. நீங்க சொல்லலியே.”

அந்த நேரத்தில் கூடாரத்தின் வாசல் துணி விலகி ஒரு தலை எட்டிப் பார்த்தது. தலைக்கு மேல் கம்பளியை மழைக் கொங்காணிபோல முக்கோணமாக மடித்துப் போட்டு, இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு, கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்பிள்ளை. வேலை முடிந்து போகிறவள். குழந்தை அழுகிற சத்தம் கேட்டு வந்திருந்தாள். பேர் அங்கம்மா என்றாள். ஓடைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் அவளுடைய அறை.

“ஏம்மா, இந்த மழைக்குள்ள பிள்ளைகள வச்சிக்கிட்டு இங்க என்ன செய்றீங்க? வீடு இடிஞ்சி போச்சா?”

“இது முகாம்மா” என்றார் ஏகநாதன் கட்டிலிலிருந்து. “கேம்ப்.”

“கேம்பா?” அங்கம்மா கூடாரத்தை மேலும் கீழும் பார்த்தாள். அவள் பார்வை கால்மிதி மேல் கொஞ்ச நேரம் நின்றது. “நாங்களும் கேம்புல கெடந்தவங்கதான். சிலோன்ல இருந்து கப்பல்ல வந்து எறங்கின ஒடனே மண்டபம் கேம்புல போட்டாங்க. மூணு மாசம். பொறவுதான் இங்க எஸ்டேட்டுக்கு அனுப்புனாங்க.” இரக்கத்தோடு கேட்டாள்: “ஒங்கள எந்தக் கவர்மெண்டு அனுப்புச்சி?”

ஏகநாதன் ஃபைலில் இணைப்பு ஒன்றைத் தேட ஆரம்பித்தார்.

“யாரும் அனுப்பலைம்மா. நாங்களா வந்தோம்” என்றாள் சுலோச்சனா. “உங்கிட்ட தீப்பெட்டி இருக்குமா?”

“நெருப்பெட்டி லயத்துல இருக்கு. அதுக்கு எதுக்கு நெருப்பெட்டி? அடுப்பே எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு. பாலத் தூக்கிக்கிட்டு பிள்ளைகளோட வாங்க. இங்க இருந்தா சீக்கு வந்துரும்.”

சுலோச்சனா பால் செம்பை எடுத்தாள், சின்னவனை எடுத்தாள், லீலாவை சேகரின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஏகநாதன் எழுந்திருக்கவில்லை. சாமானை விட்டுவிட்டு வரக்கூடாது என்றார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தார்.

லயத்து அறை அவர்கள் வீட்டு முன்னறையில் பாதி இருக்கும். கூரைத் தகரம் இரண்டு இடத்தில் ஒழுகியது. ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருந்தது. ஆனால் அடுப்பு எரிந்தது. அங்கம்மா பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தாள். சேகரின் கணுக்காலில் சுண்ணாம்பு தடவினாள். பிறகு, “இந்தாங்க, தேத்தண்ணி” என்று சுலோச்சனா கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள்.

சுலோச்சனா வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் லீவில் இன்னொருவர் போட்டு அவள் உட்கார்ந்து குடிக்கிற முதல் டீ. அதை நினைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையில்லை, ஆத்திரம். இந்த ஒரு டம்ளர் டீக்காகவா இருபது மைலுக்கு மேல் மூட்டை தூக்கிக்கொண்டு வந்து, மழையில் நனைந்து, கூடை சுமந்து அலுத்து வந்த ஒருத்தியின் அடுப்பில் போய் உட்காரவேண்டும்?

“இன்னும் எத்தன நாளைக்கிம்மா இப்பிடி?” என்று அங்கம்மா கேட்டாள்.

“அஞ்சு நாள் பாக்கி.”

“அய்யோ” என்றாள் அங்கம்மா.

அந்த ‘அய்யோ’வில்தான் சுலோச்சனாவுக்கு மூளை வேலை செய்தது. அஞ்சு நாள் பாக்கி. பாக்கி இருக்கிறது. இன்னும் போகவில்லை. எடுத்த லீவை நடுவில் ரத்து செய்துகொண்டு வேலையில் சேர்ந்தால், மிச்ச நாட்கள் கணக்கில் திரும்பிவிடும். இந்த விதியை எத்தனை பேருக்கு அவளே கவுண்ட்டருக்குப் பின்னால் இருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறாள். தனக்கு என்று வரும்போது ஞாபகம் வருவதற்கு ஓர் அட்டையும் ஒரு மழையும் தேவைப்பட்டிருக்கிறது.

மழை சிறு தூறலாக விட்டிருந்தது. பிள்ளைகளை அங்கம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ரோட்டுக்கடைகளுக்குப் பக்கத்தில் இருந்த தபாலாபீசுக்கு வேகமாக நடந்தாள். மூடுவதற்குக் கால் மணி நேரம் இருந்தது. தன் ஆபீசுக்கு டெலிபோன் போடச் சொன்னாள்.

“தேவநேசன் பேசறேன்.”

“சார், சுலோச்சனாங்க. நாளைக்கு ட்யூட்டில சேர்ந்துக்கறேன் சார். மிச்ச லீவை ரத்து பண்ணிடுங்க.”

அவர் லீவு கொடு என்று கேட்பவர்களை மட்டுமே பார்த்த மனுஷன். “ஏம்மா, ஊட்டுல ஏதாச்சும் விசேஷமா? உடம்புக்கு யாருக்காச்சும்...”

“எல்லாரும் நல்லா இருக்காங்க சார். அதான் வர்றேன்.”

“என்னமோ போம்மா. எழுதிக் குடுத்திரு.”

“குடுத்தர்றேன் சார். அந்த அஞ்சு நாள் எங்கணக்குல நிக்கட்டும். எப்ப வேணும்னு நானே கேக்கறேன்.”

அவள் பிள்ளைகளோடு புல்வெளிக்குத் திரும்பியபோது ஏகநாதன் கூடாரத்துக்கு வெளியே, பொட்டலம் பிரிக்காத கொசுவலைகளை ஒரு கட்டில் மேல் அடுக்கி, அதன் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர்.

“அஞ்சே முக்காலுக்கு கூடலூர்ல இருந்து ஊட்டி பஸ் வருதுங்க. நாங்க போறோம்.”

“போறதா? இன்னும் அஞ்சு நாள் புரோகிராம் இருக்கு!”

“இருங்க. நடத்துங்க. யாரு வேண்டாங்கறாங்க?”

“எப்பிடி நான் மட்டும்? முகாம்னா குடும்பம் இல்லாம...” அவர் எதிரே பார்த்தார். கீழே பள்ளத்தில் பனி ஏறி வந்துகொண்டிருந்தது. அவர் கட்டிலிலிருந்து இறங்கினார். சாமானை அம்புரோஸின் ஸ்டோரில் வைக்க ஆள் பிடித்துக்கொண்டு, தொப்பியையும் ஃபைலையும் மட்டும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பஸ்ஸில் மூன்று பேர் சீட் கிடைத்தது. லீலாவும் சேகரும் முன் சீட்டில் ஒரு பாட்டியம்மாளுக்கு அட்டை கடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரம் போனபிறகு ஏகநாதன் ஆரம்பித்தார்.

“ரிப்போர்ட்ல என்னன்னு எழுதறது?”

“மழைன்னு எழுதுங்க. மழை வந்து மறுக்கவா போகுது?”

அது அவருக்குப் பிடித்திருந்தது. “எதிர்பாராத இயற்கைச் சூழ்நிலை” என்று சொல்லிப் பார்த்தார். தெம்பு வந்துவிட்டது. “சரி, பரவாயில்லை. மிச்சம் அஞ்சு நாள் இருக்குல்ல? ஊட்லயே இருந்துக்கலாம். நாளைக்குக் காலைல நீ அங்க மிச்சம் இருக்கற மாவை இட்லியா ஊத்திடு, புளிச்சுரும். அப்புறம்...”

“நாளைக்கு எனக்கு ட்யூட்டிங்க.”

“ட்யூட்டியா? லீவுல இருக்கறவளுக்கு என்ன ட்யூட்டி?”

“லீவை ரத்து பண்ணிட்டேன். போன் போட்டுச் சொல்லியாச்சு.”

ஏகநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?”

“என் லீவுங்க.”

“அப்போ குழந்தைங்க?”

“உங்களுக்கு லீவு இருக்குதுங்கல்ல. செவ்வாய் வரைக்கும். நீங்கதானே சொன்னீங்க, ரெண்டு பேர் லீவும் ஒண்ணாச் சேருதுன்னு. இப்ப சேரலை. அவ்வளவுதான்.”

“நான் எப்பிடி தனியா மூணு பேரை... சின்னவன் எத்தனை மணிக்குப் பால் குடிப்பான்னுகூட எனக்குத் தெரியாது.”

“அழுவான். தெரிஞ்சுரும்.”

“சரி, சரி. கோபத்துல பேசறே. புரியுது.” அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முன் சீட்டுப் பாட்டியம்மாள் கேட்டுவிடக் கூடாதே. “அப்போ அந்த அஞ்சு நாளை எப்ப எடுக்கப் போறே? தேதி சொல்லு. ஜனவரில மழை இருக்காது. நானும் அதுக்குத் தகுந்த மாதிரி அட்ஜஸ்ட் பண்ணி, முறையா ஒரு...”

“ஏனுங்க.”

“ம்?”

“அந்த அஞ்சு நாள்ல உங்களுக்கு ஒரு வேலையும் இல்லீங்க.”

சொல்லிவிட்டு, தூக்கத்தில் கனத்துக் கிடந்த சின்னவனைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவர் ஃபைலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கும் இங்கும் பார்த்து, கடைசியில் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். குழந்தையைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சுலோச்சனா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை. இத்தனை ஆத்திரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் தூக்கம் வரும். பைக்காரா வந்தது, போனது. பஸ் வளைவுகளில் சாய்ந்து சாய்ந்து ஏறியது. பக்கத்தில் சின்னவன் சிணுங்குவதும், ஏகநாதன் “சுலோச்சனா... சுலோச்சனா...” என்று இரண்டு தடவை மெதுவாகக் கூப்பிடுவதும் கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.